நாணய விளிம்பில் தெரியும் குறை: நாணயச்சாலைப் பிழையா, பின்னால் பட்ட சேதமா?

நாணயம் ஒன்றின் விளிம்பு ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருந்தாலோ, ஓரத்தில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தாலோ, அது நாணயச்சாலையில் நேர்ந்த பிழையா, புழக்கத்தில் பட்ட சேதமா என்பதைத்தான் சேகரிப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டும். இதற்குப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நாணயச்சாலையில் நேரும் பிழை பெரும்பாலும் ஒரே இடத்தோடு நின்றுவிடுவதில்லை; எதிர்ப்பக்க விளிம்பிலோ, மறுமுகத்திலோ, ஓரத்திலோ, எடையிலோ அதற்கு இன்னொரு தடயம் இருக்கும். பின்னால் பட்ட அடிக்கு அடிபட்ட இடத்தைத் தவிர வேறு சாட்சி கிடைப்பது அரிது. அந்த இரண்டாவது தடயத்தை எங்கே தேடுவது என்பதை, இந்தியக் குடியரசு நாணயங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே பார்க்கலாம்.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துக்கொள்வோம். நாணயத்தின் முகத்தில், வயலைச் சுற்றிய வரப்புபோல மேடாகச் சுற்றிவருவதை விளிம்பு என்றும், நாணயத்தை நிறுத்திப் பார்க்கும்போது தெரியும் மூன்றாவது பக்கத்தை ஓரம் என்றும் இக்கட்டுரை குறிப்பிடுகிறது. வரிகள் வெட்டப்பட்டிருப்பதும் வழவழப்பாக விடப்பட்டிருப்பதும் ஓரத்தில்தான்.

விளிம்பு உருவாகும் விதம்

விளிம்பு இரண்டு கட்டங்களில் உருவாகிறது. நீண்ட உலோகத் தகட்டிலிருந்து வெட்டி எடுக்கப்படும் வட்ட வில்லைகள், சுழலும் சக்கரம் ஒன்றுக்கும் அசையாத தடம் ஒன்றுக்கும் இடையே உருட்டப்படுகின்றன. அந்த நெருக்கத்தில் வில்லையின் ஓரம் சற்றே உள்வாங்கி, இரு முகங்களிலும் சிறு மேடு எழும்புகிறது. பிறகு வில்லைகள் சூடேற்றி மென்மையாக்கப்பட்டு, கழுவப்பட்டு, அச்சு எந்திரத்துக்குப் போகின்றன. அங்கே காலர் எனப்படும் வளையத்துக்குள் வில்லை அமர, மேல் அச்சும் கீழ் அச்சும் அழுத்துகின்றன. அழுத்தத்தில் பக்கவாட்டில் விரியும் உலோகம் காலரில் முட்டி, வேறு போக்கிடமின்றி அச்சின் ஓரப்பள்ளத்துக்குள் ஏறுகிறது. அப்போதுதான் விளிம்பு முழு உயரம் பெறுகிறது. ஆகவே விளிம்பில் ஏற்படும் குறைக்கு வில்லை, அச்சு, அழுத்தம் நடந்த நிலை என்ற மூன்றில் ஒன்றே காரணமாக இருக்க முடியும். இந்த மூன்றாலும் விளக்க முடியாத குறை நாணயச்சாலைக்கு வெளியே ஏற்பட்டது.

கையில் இருக்க வேண்டியவை

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு, வெர்னியர் காலிப்பர், காந்தம், பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைக்கக்கூடிய மேசை விளக்கு ஆகியவை போதும். இவை எல்லாவற்றையும்விடப் பயன்படுவது, அதே மதிப்பிலும் அதே ஆண்டிலும் அதே நாணயச்சாலையிலும் அடிக்கப்பட்ட குறையற்ற நாணயங்கள் சில. ஆண்டு எண்ணுக்கு அருகே வைரக்குறி இருந்தால் மும்பை, ஐந்துமுனை நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், சிறு வட்டப்புள்ளி இருந்தால் நொய்டா, குறி ஏதும் இல்லாவிட்டால் கொல்கத்தா என்பது பொதுவான வழக்கம். அச்சின் பள்ளத்தில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துக்கொண்டால் நொய்டாவின் புள்ளி விழாமலே போகலாம். அப்படி அடித்த நாணயம் பார்வைக்குக் கொல்கத்தா நாணயமாகவே தோன்றும் என்பதால், குறி இல்லாமையை மட்டும் வைத்து எதையும் முடிவுசெய்ய வேண்டாம்.

எடையும் விட்டமும் தெரியாமல் ஒப்பிட முடியாது. 1992 முதல் வந்த துருப்பிடிக்காத எஃகு ஒரு ரூபாய் 25 மில்லிமீட்டர் விட்டமும் 4.85 கிராம் எடையும் கொண்டது. 2011 வரிசையின் ஒரு ரூபாய் 21.93 மில்லிமீட்டரும் 3.79 கிராமும் ஆகும். அந்த வரிசையின் இரண்டு ரூபாய்க்குப் பழைய ஒரு ரூபாயின் அளவான 25 மில்லிமீட்டரும் 4.85 கிராமுமே வழங்கப்பட்டன. ஐந்து ரூபாயில் குழப்பம் இன்னும் கூடுதல்: செம்பு நிக்கல் கலவையில் வந்தது 9 கிராம், அதே 23 மில்லிமீட்டர் விட்டத்தில் பின்னர் எஃகிலும், 2009 முதல் மஞ்சள்நிற நிக்கல் பித்தளையிலும் வந்தவை 6 கிராம். ஆறு கிராம் ஐந்து ரூபாயைப் பார்த்து எடை குறைந்த பிழை நாணயம் என்று மகிழ்வது இந்த மாற்றத்தை அறியாததால்தான். எஃகு நாணயம் காந்தத்தில் ஒட்டும், செம்பு நிக்கலும் நிக்கல் பித்தளையும் ஒட்டா.

வெட்டுப்பட்ட வில்லை

ஓரத்தில் பிறை வடிவில் துண்டு குறைந்த நாணயமே பிழை நாணயங்களில் பலரும் முதலில் காண்பது. போலியாகச் செய்யப்படுவதும் இதுவே அதிகம். தகடு போதிய தூரம் நகராமல் நின்றுவிட, வெட்டுக்கருவி முன்பு வெட்டிய துளையின் மேலேயே பாதி விழுந்தால், அந்த வில்லை உள்வளைந்த வெட்டுடன் வெளிவரும். தகட்டின் பக்கவிளிம்பில் விழுந்தால் வெட்டு நேர்க்கோடாகவும், தகட்டின் சீரற்ற முனையில் விழுந்தால் பிசிறாகவும் இருக்கும்.

வெட்டு உண்மையானதா என்பதை அறிய முதலில் பார்க்க வேண்டிய இடம் வெட்டு அல்ல, அதற்கு நேர் எதிரே உள்ள விளிம்பு. வில்லை சக்கரத்துக்கும் தடத்துக்கும் இடையே உருளும்போது, வெட்டுப்பட்ட பகுதி ஒரு பக்கம் வரும் நொடியில் எதிர்ப்பக்கத்துக்கு எதிர் அழுத்தம் கிடைப்பதில்லை; எனவே அந்த இடத்தில் மேடு சரியாக எழும்புவதில்லை. அச்சிட்ட பிறகும் அந்த எதிர்விளிம்பு மெலிந்தோ மங்கியோ நிற்கும். இதைச் சேகரிப்பாளர்கள் பிளேக்ஸ்லி விளைவு என்பார்கள். மிகச் சிறிய வெட்டில் இது புலப்படாமல் போகலாம் என்பதால், இது இல்லை என்ற ஒன்றை மட்டும் கொண்டு நாணயத்தை ஒதுக்கிவிடவும் கூடாது.

அடுத்து வெட்டை ஒட்டியுள்ள எழுத்துகளை லென்ஸில் பாருங்கள். வில்லை முன்பே வெட்டுப்பட்டிருந்தால், அச்சு அழுத்தியபோது அங்கே உலோகம் காலரில் முட்டாமல் வெற்றிடத்தை நோக்கி ஓடியிருக்கும். ஆகவே எழுத்துகள் வெட்டை நெருங்க நெருங்க மெலிந்து, சற்றே இழுபட்டு, மங்கி முடியும். அரத்தால் அறுத்தோ ராவியோ செய்த போலியில், எழுத்து கடைசிவரை முழு உயரத்தில் வந்து சட்டென்று துண்டாகி நிற்கும். வெட்டுப்பரப்பில் இணையான ராவல் கோடுகளோ, மற்ற ஓரத்தைவிடப் புதிய உலோகப் பளபளப்போ தெரிந்தால் சந்தேகம் உறுதியாகிறது. இறுதியாக எடை போடுங்கள். போலியிலும் எடை குறையும் என்பதால், எடை குறைவு பிழையை நிரூபிக்காது. வெட்டு இருந்தும் எடை குறையாவிட்டால்தான் அது பெரிய செய்தி: உலோகம் போகவில்லை, அடித்து நகர்த்தப்பட்டிருக்கிறது.

அச்சு உடைந்ததால் வரும் மேடு

விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவிய, எழுத்தோ வரியோ இல்லாத மழுங்கிய உலோக மேடு, அச்சின் ஓரத்தில் ஒரு துண்டு உடைந்து விழுந்ததைக் காட்டுகிறது. அச்சில் குறைந்த உலோகத்தின் இடத்தை நாணயத்தின் உலோகம் நிரப்பியிருக்கிறது. இதன் இரண்டாவது தடயம் மறுமுகத்தில், சரியாக அதே இடத்துக்குப் பின்னால் இருக்கும்: உலோகம் இந்தப் பள்ளத்துக்குள் ஓடிவிட்டதால் அங்கே உருவம் நிரம்பாமல் மங்கியிருக்கும். மேடு பெரிதாக இருந்தும் மறுமுகம் குறையற்றுக் கூர்மையாக இருந்தால், ஈயப்பற்று வைத்து ஒட்டியதா என்று பாருங்கள். ஒட்டிய மேட்டின் அடியில் சுற்றிவர நுண்ணிய இடுக்கும், நிற வேறுபாடும் தெரியும்.

அச்சு முழுதாக உடையும் முன் விரிசல் விடும். விரிசல் நாணயத்தில் பள்ளமாக அல்ல, மெல்லிய மேட்டுக் கோடாகவே விழும் என்பதை நினைவில் கொண்டால் கீறலையும் விரிசலையும் குழப்பிக்கொள்ள மாட்டீர்கள். கடினமான எஃகு வில்லை அச்சை விரைவில் தேய்ப்பதால், எஃகு நாணயங்களில் இக்கோடுகளைக் காண்பது அவ்வளவு அரிதன்று. விளிம்புக்கு விளிம்பு ஓடும் தடித்த விரிசலைத் தவிர மற்றவற்றுக்குத் தனி விலை கேட்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருங்கள்.

மையம் விலகிய நாணயங்கள்

ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் உள்ள விளிம்புக்குக் குறைந்தது மூன்று காரணங்கள் உண்டு. அவற்றைப் பிரிக்க மறுமுகத்தையும் ஓரத்தையும் விட்டம் அளந்தும் பார்த்தால் போதும். அகலக் குறுகல் ஒரே முகத்தில் மட்டும் இருந்து, மறுமுகம் சீராகவும் விட்டம் சரியாகவும் ஓரம் குறையின்றியும் இருந்தால், ஓர் அச்சு மட்டும் சற்று விலகி நின்றிருக்கிறது. இது மிகவும் பொதுவானது. விளிம்பில் ஒரு பகுதி அறவே மறைந்து எழுத்துகள் வெட்டுப்பட்டிருந்தாலொழிய இதற்காகத் தனியே செலவழிப்பது வீண் என்பது என் கருத்து. இரு முகங்களிலும் உருவம் ஒரே திசையில் விலகி, எதிர்ப்பக்கத்தில் அச்சுப்படாத வெற்று உலோகம் பிறையாக நின்றால், வில்லையே காலருக்குள் சரியாக அமராமல் அச்சிடப்பட்டிருக்கிறது. ஆண்டு எண் மறையாமல் நிற்கும் அளவுக்கு விலகிய நாணயத்தையே சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்புகிறார்கள்.

உருவம் மையத்திலேயே இருந்தும் நாணயம் வழக்கத்தைவிட அகன்று, விளிம்பு தட்டையாகப் பரந்து, ஓரத்தில் இருக்க வேண்டிய வரிகள் இல்லாவிட்டால், காலர் மேலே எழாத நிலையில் அச்சிடப்பட்டது என்று பொருள். அகன்றாலும் எடை சரியாக இருக்க வேண்டும். சுத்தியலால் தட்டி அகலமாக்கிய நாணயத்தில் எழுத்துகளும் சேர்ந்து நசுங்கியிருக்கும். காலரின்றி அச்சிட்டதில் எழுத்துகளின் உச்சி நசுங்காமல் இருக்கும். காலர் பாதிவரை மட்டும் எழுந்திருந்தால் ஓரத்தின் கீழ்ப்பாதி சரியான விட்டத்திலும் மேல்பாதி சற்றே வெளித்தள்ளியும் படிக்கட்டாக நிற்கும். முகங்களை மட்டும் புரட்டிப் பார்ப்பவர்கள் தவறவிடும் பிழை இது.

இன்னொரு வில்லையில் அச்சிடப்பட்டதும் விளிம்பைக் குலைக்கும். 2011 வரிசை இரண்டு ரூபாயின் அச்சுகள் ஒரு ரூபாயின் வில்லையில் பதிந்தால், சிறிய வில்லை காலரை எட்டாது. விளிம்பு உருவாகாது, விளிம்பை ஒட்டிய எழுத்துகள் வெளியே போய்விடும், எடை 3.79 கிராமை ஒட்டி நிற்கும். அமிலத்தில் ஊறவைத்துச் சிறிதாக்கிய நாணயத்தில் எடை எந்த வில்லையோடும் பொருந்தாமல் இருக்கும். எல்லா எழுத்துகளும் இடத்தில் இருந்தும் சீராக மெலிந்திருக்கும். பரப்பு மங்கிச் சொரசொரத்திருக்கும்.

விளிம்பின் உச்சியில் கத்திமுனைபோல் எழுந்த மெல்லிய உலோகப் பிசிறு, அழுத்தம் கூடியபோது அச்சுக்கும் காலருக்கும் இடையிலுள்ள இடுக்கில் உலோகம் பிதுங்கியதால் வருவது. நாணயச்சாலையில் வந்ததே ஆனாலும், பிழை என்று பெருமையாகச் சொல்லுமளவு பெரிதல்ல.

வெட்டு இல்லாமலேயே விளிம்பின் ஒரு பகுதி மங்கியிருந்தால் மறுமுகத்தையும் பாருங்கள். இரு முகங்களிலும் ஒரே இடம் மங்கி, எடையும் குறைந்தால் தகடு அங்கே மெலிந்திருந்தது. ஒரு முகத்தில் மட்டும் சில எழுத்துகள் விழாமல் போயிருந்தால் அச்சில் பிசுக்கு அடைத்திருந்தது.

லக்கியும் திரும்பிய அச்சும்

முன்பு அடித்த நாணயம் எந்திரத்தை விட்டு வெளியேறாமல் அச்சோடு ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் ஒரு முகம் சரியாகவும், மறுமுகம் அதே உருவத்தின் இடவல மாற்றமான பள்ளமாகவும் பதியும். நம் நாட்டு நாணய வணிகர்கள் இதை லக்கி என்பார்கள். இரண்டு நாணயங்களைப் பட்டறைப் பிடியில் வைத்து நெருக்கியும் இத்தகைய பள்ளத்தை உண்டாக்கிவிட முடியும். ஆனால் அப்படிச் செய்ததில், பள்ளத்துக்கு அடியில் மூல உருவத்தின் எச்சம் நசுங்கித் தெரியும், மறுமுகத்தின் உயர்ந்த பகுதிகளும் தட்டையாகியிருக்கும். உண்மையான லக்கியில் மூல உருவம் அங்கே பதியவே இல்லை என்பதால் எச்சத்துக்கு இடமில்லை.

இந்தியக் குடியரசு நாணயங்களில் இரு முகங்களின் தலைப்பகுதியும் ஒரே பக்கம் இருக்கும். அசோகச் சின்னம் நிமிர்ந்திருக்க, நாணயத்தின் உச்சியையும் அடியையும் இரு விரல்களால் பிடித்து இடவலமாகத் திருப்பினால் மறுமுகமும் நிமிர்ந்தே தெரிய வேண்டும். அது சாய்ந்தோ தலைகீழாகவோ வந்தால் ஓர் அச்சு திரும்பிப் பொருத்தப்பட்டிருக்கிறது. இரு முகங்களிலும் அசோகச் சின்னம் என்று யாரேனும் காட்டினால் விளிம்பின் உட்புறத்தைச் சுற்றி லென்ஸை ஓட்டுங்கள். இரண்டு நாணயங்களைக் கடைந்து ஒன்றுக்குள் ஒன்றைப் பொருத்திய கோடு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரு உலோகப் பத்து ரூபாய்

பத்து ரூபாயில் வெளிவளையமும் மையத்துண்டும் பொருத்தப்பட்ட பிறகே இரண்டும் ஒன்றாக அச்சிடப்படுகின்றன. எனவே மையத்துண்டு மட்டும் முன்பின்னாகத் திரும்பிய, அசோகச் சின்னம் மதிப்பு முகத்துக்கு வந்துவிட்ட நாணயம் அச்சு எந்திரத்திலிருந்து வந்திருக்க வழியில்லை. யாரோ மையத்தைத் தட்டி எடுத்துத் திருப்பிச் செருகியிருக்கிறார்கள். வளையத்தின் துளை மையம் விலகியிருப்பது மெய்யான பிழை. அதில் இரு உலோகங்களின் எல்லையைக் கடக்கும் எழுத்தோ கோடோ முறியாமல் தொடர்ந்து ஓடும். மையம் இல்லாத வளையத்தில், துளையின் உட்சுவர் பக்கம் உலோகம் சற்றே பிதுங்கி, அருகிலுள்ள உருவம் இழுபட்டிருக்க வேண்டும். உட்சுவர் மையத்துண்டின் தடத்தோடு செங்குத்தாக நின்றால் அது பிறகு கழற்றப்பட்டது.

வளையத்தில் 10 கோடுகள் உள்ளதும் 15 கோடுகள் உள்ளதும், ரூபாய்க் குறி உள்ளதும் இல்லாததும் வெவ்வேறு வடிவமைப்புகள் மட்டுமே. 14 வடிவமைப்புகள் உள்ளன, எல்லாம் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் அளித்தது. தமிழகத்தின் பல ஊர்களில் கடைக்காரர்கள் இந்த நாணயத்தை வாங்க மறுத்த காலத்தில் பரவிய வதந்திதான், இன்றும் சாதாரணப் பத்து ரூபாயைப் பிழை நாணயம் என்று விற்பவர்களுக்கு உதவுகிறது. அதேபோல், 1985 ஒரு ரூபாயில் காணும் எச் என்ற எழுத்தும் பிழையன்று. பர்மிங்ஹாமில் அடித்து இறக்குமதி செய்யப்பட்டதன் அடையாளம்.

சேதத்தின் அடையாளங்கள்

அடி எங்கே பட்டாலும் உலோகம் காணாமல் போவதில்லை, ஒதுங்குகிறது. விளிம்பில் பள்ளம் இருந்தால் அதன் அருகே ஒதுங்கிய உலோகம் புடைத்திருக்கும். விளிம்பு உள்நோக்கிச் சாய்ந்து எழுத்தின் மேல் கவிந்திருக்கும். ஓரத்து வரிகள் நசுங்கியிருக்கும். துணி உலர்த்தும் எந்திரத்துக்குள் நெடுநாள் சிக்கி உருண்ட நாணயத்தில் விளிம்பு முழுச்சுற்றும் தடித்து உள்ளே மடிந்து, விட்டம் குறைந்திருக்கும். சுற்றிலும் சீராக இருப்பதால் இது எளிதில் ஏமாற்றும். நகையில் பதித்திருந்த நாணயத்தில் பிடிமானக் கொக்கிகளின் தடம் சம இடைவெளியில் மூன்று நான்கு இடங்களில் நிற்கும். தண்டவாளத்தில் வைத்ததைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

எழுத்துகள் இரட்டையாகத் தெரிவதையும் இங்கே சேர்க்கலாம். இரண்டாவது எழுத்து தட்டையான படியாக, மூல எழுத்தின் அகலத்தையே தின்று நின்றால், அச்சிட்ட கணத்தில் அச்சு சறுக்கியதால் வந்தது, அதற்கு மதிப்பில்லை. அச்சே இரட்டையாகச் செதுக்கப்பட்டிருந்தால் இரு எழுத்துகளும் உருண்டு, உயரத்தோடு, மொத்த அகலம் கூடியிருக்கும்.

பழகிக்கொள்ளச் சேதமுற்ற நாணயங்களே சிறந்த பாடம். பேருந்துச் சில்லறையில் அவை தாராளமாகக் கிடைக்கும். நாணயங்களை நீங்களே அறுத்தும் உருக்கியும் சோதிக்க வேண்டாம்; 2011ஆம் ஆண்டு நாணயச் சட்டம் நாணயங்களை உருக்குவதையும் அழிப்பதையும் தடைசெய்கிறது.

பதிவும் பேரமும்

பிழை நாணயத்தைப் புளியும் சாம்பலும் போட்டுத் துலக்காதீர்கள். உலோகம் ஓடிய மெல்லிய கோடுகளே உங்கள் சாட்சிகள், துலக்கினால் முதலில் போவது அவைதான். ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். மென்மையான பிவிசி உறையில் வைத்தால் நாளடைவில் பச்சைப்பிசுக்கு படியும் என்பதால் அட்டைச் சட்டமே நல்லது. அட்டையில் ஆண்டு, நாணயச்சாலைக் குறி, எடை, விட்டம், பிழையின் வகை, இரண்டாவது தடயம் எங்கே என்ற ஆறையும் எழுதி வையுங்கள். ஆறாவது இடம் காலியாக இருந்தால் அந்த நாணயத்தை இப்போதைக்குச் சேதம் என்றே கொள்வது பாதுகாப்பானது.

பழைய நாணயங்களை விற்றுத் தருவதாகச் சொல்லிக் கட்டணமோ கமிஷனோ வரியோ கேட்பவர்கள் தன் பெயரைப் பயன்படுத்துவதாகவும், அத்தகைய வேலையில் தான் ஈடுபடுவதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. இணையத்தில் வாங்கும்போது இரு முகங்களின் படத்தோடு, ஓரத்தைச் சுற்றி எடுத்த படங்களையும், தராசின் மேல் எடை தெரிய எடுத்த படத்தையும் கேளுங்கள். வெட்டுப்பட்ட நாணயமானால் எதிர்விளிம்பின் நெருக்கப் படத்தைத் தனியே கேளுங்கள். அதை அனுப்பத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.